ஆளில்லாத வீடு

தீர்ப்புச் சொல்வதில் வல்லவர் எனத் தம்மைக் கருதும் அன்பர்கள், இவ்வழக்கை முழுவதும் கேட்டபின் வாய் திறப்பார்களாக.

ஒரு பெருநகரை இரண்டாகப் பிளந்து ஓடும் ஆற்றின் தென்கரைச் சரிவில் தகரக் கூரையிட்ட வீடுகள் ஒரு வரிசையாக நின்றன. அங்கு வாழ்ந்தோரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எத்தகைய வெள்ளம் வந்தாலும் வீட்டுக்கு ஒருவர் உள்ளேயே தங்கியாக வேண்டும். முன்னொரு மழையில் எல்லோரும் உயிருக்கு அஞ்சி ஓடினார்கள். நீர் வடிந்து திரும்பியபோது வரிசையில் பாதி வீடுகளைக் காணோம். ஆளில்லாத வீடு ஆக்கிரமிப்பு என்று சொல்லி இயந்திரத்தால் வாரித் தள்ளியிருந்தார்கள். முந்தித் திரும்பி வந்து உள்ளே அமர்ந்துகொண்டவர்களின் வீடுகளை மட்டும் அதிகாரிகள் தொடவில்லை. அன்று பிறந்தது அவ்வழக்கம்.

தங்குபவர் யார் என்பதற்கும் முறை உண்டு. எவருடைய கூலி நின்றால் அடுப்பு அணையாதோ, அவரே தங்குவார்.

சரிவில் எல்லாவற்றிலும் தாழ இருந்த கடைசி வீட்டில், மூட்டை தூக்கும் தயாளனும், அக்கம்பக்கத்து மாடி வீடுகளில் பாத்திரம் துலக்கும் அவன் மனைவி லோகேஸ்வரியும், இரு பெண் குழந்தைகளும், தயாளனின் அக்காள் குணவதியும் வாழ்ந்தனர். குணவதிக்கு இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பியிருந்தது; அவள் கூலிக்குப் போவதில்லை. ஆதலால் அவ்வீட்டில் விவாதத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

கார்த்திகை மழையில் ஏரி நிரம்பி மறுகால் பாய்ந்தது. காலையிலேயே ஆறு வாசற்படி ஏறிவிட்டது. கடலோரக் குப்பத்திலிருந்து மிக்கேல் என்னும் மீனவர் தம் படகைக் கொண்டுவந்து வரிசையின் முன் நிறுத்தினார்.

"நான் இருக்கேன்க்கா. நீ புள்ளைங்களோட போ" என்றான் தயாளன்.

"நீ செத்துப்பூட்டா அப்புறம் எனக்கு யாருடா சோறு போடுவா? உன் பொண்டாட்டியா? அவ வெக்கிற கொழம்புக்கு இந்த ஆத்துத் தண்ணியே தேவல."

லோகேஸ்வரி சிரிக்கவில்லை. "வீடு போனா போவட்டும். நீ வாக்கா" என்று கையைப் பற்றி இழுத்தாள்.

"போனா ஊருக்கு வெளியே கொண்டுபோய் எங்கனா கொட்டுவானுங்க. அங்கேருந்து எந்த பஸ்ஸப் புடிச்சு வந்து பாத்திரம் தேய்ப்ப? புள்ளைங்க எந்த ஸ்கூலுக்குப் போவும்? கைய வுடுடி."

லோகேஸ்வரி கையை விட்டாள். தயாளன் அக்காளைத் தூக்கிப் பரண்மீது அமர்த்தினான். "பொழுது சாயறதுக்குள்ள வந்து மாத்திக்கிறேன். சத்தியமாக்கா" என்றான்.

அச்சத்தியத்தை அவனால் காக்க இயலவில்லை. திரும்பும் வழியில் இருந்த பாலத்தின்மீது நீர் ஏறிவிட்டதால் காவலர்கள் வழியை அடைத்தனர். தயாளன் அவர்களின் காலில் விழுந்தான்; அவர்கள் லத்தியை ஓங்கினார்கள்.

மிக்கேல் மட்டும் மறுபடியும் வந்தார். வேறு தெருக்களில் ஏற்றிய ஆட்கள் படகு நிறைய இருந்தனர். ஒருவருக்கே இடம் இருந்தது.

"ஏறு தாயி. இன்னொரு தபா வர முடியாது."

"ஏறினா காலி வீடும்பானுங்க அண்ணே."

"அலாக்காத் தூக்கிப் போட்டுக்கினு போயிடுவேன்."

"தூக்கித்தான் பாரேன். உன் படகுலேந்தே குதிப்பேன். அப்புறம் உனக்குத்தான் பாவம்."

படகில் இருந்தவர்கள் கதறினார்கள். மிக்கேல் படகைத் திருப்பிக்கொண்டு போனார்.

நீர் வடிந்த பின் குணவதியை வீட்டுக்குள்ளேதான் கண்டெடுத்தார்கள். கூரைக் குறுக்குக் கழியை அவள் கைகள் பற்றியிருந்தன. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அதிகாரிகள் வந்து பார்த்தனர். ஓர் உயிரையே பறித்த இடம் மனிதர் வாழத் தகுதியற்றது எனத் தீர்மானித்து, அந்த வாரமே வரிசை முழுவதையும் இடித்துத் தரைமட்டமாக்கினர். ஆள் இருந்த வீடுகளும் தப்பவில்லை. தயாளன் குடும்பத்தை நகருக்கு அப்பால் ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கிருந்து பாத்திரம் துலக்க வர லோகேஸ்வரிக்குப் பேருந்து இல்லை.

இப்போது சொல்லுங்கள். வாக்குத் தந்து வராமற்போன தயாளன், பற்றிய கையை விட்ட லோகேஸ்வரி, தூக்கிச் செல்லும் வலிமை இருந்தும் தூக்காத மிக்கேல். இம்மூவரில் குணவதியின் சாவுக்குப் பொறுப்பாளி யார்?

விடை: மூவரில் எவரைச் சுட்டினாலும் தோற்றீர்கள். அதே வெள்ளம் வடகரையிலும் புகுந்தது. அங்கே அடுக்குமாடிகளின் தரைத்தளம் மூழ்கிற்று. குடியிருந்தோர் கதவைப் பூட்டிக்கொண்டு உறவினர் வீடுகளுக்குப் போனார்கள். ஒரு வாரம் கழித்து வந்து திறந்தார்கள். வீடு அவர்களுடையதாகவே இருந்தது. அக்கரையில் ஒருவரும் சாகவில்லை. தென்கரையில் அந்தப் பூட்டு செல்லாது. அங்கே ஆளைத்தான் பூட்டாகத் தொங்கவிட வேண்டியிருந்தது. அப்படி விதித்தவர்கள் அன்று படகருகே நின்றவர்கள் அல்லர். அதனால்தான் என் கேள்வியில் அவர்களைச் சேர்க்கவில்லை. ஏன் சேர்க்கவில்லை என்று நீங்களும் கேட்கவில்லை.