கண்ணில் படாமல் பூசியது

வெள்ளந்திப்பட்டி எங்கே இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். "இங்கதான் இருக்கு" என்பார்கள். பொய்யும் இல்லை.

அந்த ஊரில் சோணைமுத்து என்றொருவன். வயது முப்பத்தாறு. பதினோரு வீடுகளில் பெண் பார்த்தாகிவிட்டது. பதினோரு வீட்டாரும் பஜ்ஜி கொடுத்தார்கள், பெண் கொடுக்கவில்லை. "பையன் தங்கம்தான், மூஞ்சிதான் கொஞ்சம் மங்கல்" என்றார்கள். சொன்னவர்கள் மூஞ்சியிலும் யாரும் டியூப் லைட் மாட்டி வைத்திருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

பன்னிரண்டாவதாகத் திருமங்கலத்தில் தவமணி என்ற பெண். வெள்ளிக்கிழமை போவதாக ஏற்பாடு. "இதுவும் தட்டிப்போச்சுன்னா என்னைத் தேடி வராதீங்க" என்று தரகர் கறாராகச் சொல்லிவிட்டார். கிளம்பும்போது, "மாப்பிள்ளை மூஞ்சியை மட்டும் கொஞ்சம் கவனிச்சுக்கங்கப்பா" என்றார்.

சோணைமுத்துவுக்குக் கூட்டாளிகள் மூவர். எட்டாவது வரை படித்த செவனாண்டி, எதையும் சந்தேகப்படும் நல்லகாமு, எதையுமே சந்தேகப்படாத பெத்தணன். மூவரும் அவனை எதிரே உட்காரவைத்து, காலையிலிருந்து மத்தியானம் வரை அவன் மூஞ்சியைக் கவனித்தார்கள்.

"ஒண்ணும் நடக்கலையே" என்றான் பெத்தணன்.

"மூக்குல ஒரு ஈ உக்காந்துச்சே. கவனிக்கலையா நீ?" என்றான் நல்லகாமு.

இதைக் கேள்விப்பட்ட தரகர் தலையில் அடித்துக்கொண்டு, மருந்துக்கடையில் ஏதாவது வாங்கிப் பூசச் சொன்னார்.

கடைக்காரம்மா பொறுமைசாலி. மூன்று சாமான்களை எடுத்து வைத்தார். "இது ஹயலூரானிக் அமிலம். தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும், தோல் வறளாது. இது செராமைடு. தோல் ஒரு சுவர் மாதிரி, அதுல விரிசல் விட்டா அடைக்கும். இது ரெட்டினால். வயசைக் குறைச்சுக் காட்டும். பட்டாணி அளவு போதும், அதுவும் பொழுது சாஞ்சப்புறம்."

"ஊறப்போட்ட பட்டாணியா, ஊறப்போடாததா?" என்று கேட்டான் நல்லகாமு.

"அடுத்த ஆள் வாங்க" என்றார் கடைக்காரம்மா.

ஊர் திரும்பியதும் ஆலோசனை நடந்தது.

"தண்ணியைப் பிடிச்சு வைக்கிற மருந்து இவனுக்கு எதுக்கு? இவனுக்குத்தான் எந்நேரமும் வேர்த்து ஊத்துதே" என்றான் செவனாண்டி. "நம்ம கண்மாய் மதகு ஒழுகுதுல்ல?"

அப்படியே கொண்டுபோய் மதகில் ஊற்றினார்கள். மறுநாளும் தண்ணீர் ஒழுகியது. பெத்தணன் வாடிப்போனான்.

"கிறுக்கா, ஊத்தலைன்னா இதைவிட அதிகமா ஒழுகியிருக்கும்" என்றான் செவனாண்டி. இந்த வாதத்தை வைத்துத்தான் பெரிய பெரிய கம்பெனிகளே பிழைக்கின்றன. எட்டாவது படித்தவன் சொன்னால் மட்டும் சிரிக்கிறோம்.

செராமைடை சோணைமுத்து வீட்டுப் பின்சுவர் விரிசலில் அப்பினார்கள். அதை ஆடு நக்கிவிட்டது. சுவர் அப்படியே இருந்தது. ஆட்டின் நாக்கு மட்டும் பட்டுப் போல ஆகிவிட்டதாக நல்லகாமு தொட்டுப் பார்த்துச் சொன்னான்.

மிச்சம் இருந்தது ரெட்டினால். இதையாவது முறைப்படி பூச வேண்டும் என்று செவனாண்டி அட்டைப்பெட்டியை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தான். "வெளி உபயோகத்திற்கு மட்டும். கண்ணில் படாமல் பூசவும்."

மற்ற மூவரும் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"வெளியிலதான் பூசணும், ஆனா யார் கண்ணுலயும் படக்கூடாது" என்று பொருள் சொன்னான் செவனாண்டி. "சிக்கலான மருந்துதான். அதான் இந்த விலை."

"தென்னந்தோப்புக்குப் போவமா?" என்றான் பெத்தணன்.

"தேங்காய்க்கு மூணு கண்ணு. ஒரு தோப்புக்கு எத்தனை கண்ணுடா ஆச்சு?" என்று மடக்கினான் செவனாண்டி.

"பனங்காடு?"

"நுங்குக்கு மட்டும் கண்ணு இல்லையா?"

"பாலத்துக்கு அடியில?"

"அஞ்சு கண்ணுப் பாலம்டா அது!"

"அப்ப கண்மாய்க்கரை" என்று தயங்கித் தயங்கிச் சொன்னான் சோணைமுத்து.

மூவரும் அவனை இரக்கத்தோடு பார்த்தார்கள். "பேர்லயே கண்ணு இருக்கு. உனக்குப் பொண்ணு கிடைக்காததுல தப்பே இல்லை மாப்ள."

கடைசியில் பொழுது சாயும் நேரம், அறுப்பு முடிந்த ஒரு பொட்டல் காட்டுக்குப் போனார்கள். அங்கே நின்ற பிறகுதான் நல்லகாமுவுக்குச் சந்தேகம் வந்தது. "நம்ம கண்ணு?"

நால்வரும் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டார்கள். தடவித் தடவி சோணைமுத்துவின் மூஞ்சியைக் கண்டுபிடித்து, ஒருவன் பூசியது மற்றவனுக்குத் தெரியாததால், மூன்று பேரும் தனித்தனியாகப் பூசினார்கள். டியூப் தீர்ந்தது.

வியாழக்கிழமை காலை சோணைமுத்துவின் மூஞ்சி மிளகாய்ப் பழமாகச் சிவந்து, ஏடு ஏடாகத் தோல் உரிந்தது.

"எரியுதுடா" என்றான்.

"வயசு கழண்டா எரியத்தான் செய்யும்" என்றான் செவனாண்டி. ஏடுக்கு ஒரு வயது என்று கணக்கு. உரிந்ததையெல்லாம் பெத்தணன் பழைய காலண்டர் தாளில் எண்ணி எடுத்து வைத்தான். சாயந்திரம் பதினைந்து ஆனது.

"இருபத்தொண்ணு. போதும் மாப்ள, நிப்பாட்டு!"

சோணைமுத்துவும் நிறுத்தத்தான் பார்த்தான். தோல் கேட்கவில்லை. வெள்ளி காலை மேலும் நான்கு உரிந்தது.

நல்லகாமு நடுங்கிவிட்டான். "பதினேழு! இருபத்தொண்ணுக்குக் கீழ மாப்பிள்ளை இருந்தா ஜெயிலுன்னு ஊராட்சி ஆபீசு சுவர்ல எழுதியிருக்கு. பொண்ணு பாக்கப் போன இடத்துலயே பிடிச்சுருவாங்க!"

பதறிப்போய், நல்லதாக நான்கு ஏடுகளைப் பொறுக்கி, சோற்றுப் பருக்கை வைத்து நெற்றியிலும் கன்னத்திலும் மறுபடி ஒட்டினார்கள். ஆனால் மாப்பிள்ளை என்பதால் பேருந்தில் அவனுக்கு ஜன்னல் ஓரம் கொடுத்திருந்தார்கள். திருமங்கலத்தில் இறங்கும்போது பருக்கை மட்டும்தான் இருந்தது.

பஜ்ஜி வந்தது. தவமணியின் அப்பா, மாப்பிள்ளையின் சிவந்த மூஞ்சியையும் அதில் ஒட்டியிருந்த சோற்றையும் வெகுநேரம் பார்த்துவிட்டு, "தம்பிக்கு வயசு என்ன?" என்றார்.

செவனாண்டி எழுந்து நின்றான். பொய் சொல்லி ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. "மறைக்க விரும்பலை மாமா. புதன்கிழமை முப்பத்தாறு. நேத்து இருபத்தொண்ணு. இன்னிக்குக் காலையில பதினேழு. வயசு வர்ற வரைக்கும் பொறுத்துக்கிட்டீங்கன்னா சட்டப்படி முகூர்த்தம் வச்சுரலாம்."

அறைக்கதவுக்குப் பின்னாலிருந்து தவமணியின் குரல் வந்தது. "அப்பா, மாப்பிள்ளைக்கு வயசு வரட்டும், அதுவரைக்கும் நான் பொறுக்கிறேன்னு சொல்லுங்க. அதுக்கு முன்னாடி மட்டும் வந்துற வேணாம்னும் சொல்லுங்க."

பதினோரு வீட்டில் கேட்காத சொல்! நால்வரும் பேருந்தில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள். சோணைமுத்துவின் கண்ணீர் பட்ட இடமெல்லாம் மேலும் உரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் போலியோ சொட்டு மருந்து முகாம். வரிசையில் நின்ற நால்வரையும் நர்சம்மா நிமிர்ந்து பார்த்தார். "குழந்தை எங்க?"

நல்லகாமு சோணைமுத்துவை முன்னால் தள்ளினான். "இன்னிக்குக் காலையில நாலு வயசு ஆயிருச்சு சிஸ்டர். மீசையைப் பாக்காதீங்க, அது மட்டும் உரிய மாட்டேங்குது."

"விளையாடுறீங்களா? கல்யாண வயசு தாண்டின ஆளு!"

"கல்யாணமெல்லாம் பேசி முடிச்சாச்சு சிஸ்டர்" என்றான் செவனாண்டி பெருமையோடு. "இன்னும் பதினேழு வருசத்துல முகூர்த்தம். அதுக்குள்ள பிள்ளைக்குக் கால் கை விளங்காமப் போயிட்டா பொண்ணு வீட்டுக்கு யாரு பதில் சொல்றது?"

சோணைமுத்து சமர்த்தாக வாயைத் திறந்தான்.