குளிர்முறிச்சானின் ரெண்டு வாய்

செடிகொடியெல்லாம் வாயடித்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மலையிலிருந்த குளிர்முறிச்சான் செடிக்கு மட்டும் ரெண்டு வாய். மேலே தண்டுக்கு ஒன்று, மண்ணுக்குள் கிழங்குக்கு ஒன்று. ரெண்டும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை.

குளிர்காய்ச்சலுக்கு அந்தக் கிழங்கை விட்டால் வேறு மருந்து கிடையாது. செடியை முழுசாகப் பிடுங்கினால்தான் மருந்து பலிக்கும், கிழங்கு உடைந்தால் வீண் என்று சனங்கள் நம்பினார்கள். பிடுங்கினார்கள், பிடுங்கிக்கொண்டே இருந்தார்கள். இங்கே தீர்ந்தால் என்ன, மேல் சரிவில் கிடக்கும் என்றார்கள் கீழ் சரிவுக்காரர்கள். கீழே கிடக்கும் என்றார்கள் மேல் சரிவுக்காரர்கள்.

அந்த மலையில் இருந்த வெள்ளச்சி என்பவளின் மகள் நீலிக்குக் காய்ச்சலில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. வெள்ளச்சி தோண்டுகோலோடு மலை முழுக்க அலைந்தாள். பாறையிடுக்கில் ஒரே ஒரு செடி நின்றது.

"எடுத்துக்கோ தாயி, பிள்ளை பொழைக்கட்டும்" என்றது கிழங்கு.

"தொட்டே, பாத்துக்கோ! இந்த மலைக்கே நான்தான் கடைசி. நாளைக்கு இன்னொரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா எங்கே போவே?" என்றது தண்டு.

"நீ சும்மா கெட!"

"நீ கெட சும்மா!"

வெள்ளச்சிக்குத் தலை சுற்றியது. ரெண்டு பேச்சும் நியாயமாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சல். கோலை ஓங்கினாள், இறக்கினாள். வீட்டில் பிள்ளை என்ன ஆனாளோ என்று ஊர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அட, ஒரு வாயாலே பேசித் தொலைங்களேன்!" என்று கத்தி, என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் ஓங்கிக் குத்தினாள். கிழங்கு ரெண்டாக உடைந்தது.

போச்சு! இனி இது பலிக்குமா? அடித்துண்டை மடியில் கட்டினாள். தண்டோடு இருந்த தலைத்துண்டைப் பார்க்கவே பயம். குழியிலேயே நிறுத்தி, மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டு ஓடினாள். தண்டு ஒரு வார்த்தை திட்டவில்லை என்பதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

கஷாயம் குடித்த நீலிக்குக் காய்ச்சல் இறங்கியது. எப்படி என்று வெள்ளச்சிக்குப் புரியவில்லை. மழை விழுந்ததும் அந்தக் குழியில் புதுத் தளிர் விட்டது. அதுவும் புரியவில்லை. ஊரையே கூட்டிப்போய், "நான் செஞ்சது சரியா, தப்பா? சொல்லேன்!" என்று கெஞ்சினாள். கிழங்கின் வாய் அடித்துண்டோடு போய்விட்டதால், சண்டைக்கு ஆளில்லாமல் போன செடி மூச்சுக் காட்டவில்லை. சனங்கள் ஆளுக்கொன்று பேசிக் குழம்பி, கடைசியில், "எது எப்படியோ, இவ செஞ்ச மாதிரியே எல்லாரும் செய்வோம்" என்று முடித்தார்கள்.

அன்றிலிருந்துதான் அந்த மலையில் யார் கிழங்கு தோண்டினாலும் தலையை ஒடித்து அதே குழியில் நட்டுவிட்டு வருகிறார்கள். சரியா தப்பா என்று செடி இன்னும் வாய் திறக்கவில்லை. ஆனால் எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் மலையில் கிழங்கு இருக்கிறது.