அறுபது என்று பேர் வைத்தார்கள்

கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனி. மோட்டாரைத் தானாகப் போட்டுத் தானாக நிறுத்தும் பெட்டி செய்கிறார்கள். அங்கே சிபி, நவநீதன், தரணி என்று மூன்று இன்ஜினியர்கள். மூன்று பேர் படிப்பையும் கூட்டினால் ஐம்பது வருஷம் வரும். புத்தியைக் கூட்டிப் பார்க்க யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

என் கிணற்றில் இருபது நிமிஷத்துக்குத்தான் தண்ணீர். அதற்கு மேல் ஓடினால் மோட்டார் கருகிவிடும். அதனால்தான் அவர்கள் பெட்டியை மாட்டினேன். கரண்ட் வந்ததும் அறுபது விநாடி பொறுத்து மோட்டாரைப் போடும், இருபது நிமிஷத்தில் நிறுத்தும். எங்கள் ஊர்க் கரண்ட் வந்து நிலைப்பதற்கு அறுபது விநாடிப் பொறுமை போதவில்லை. அதைத் தொண்ணூறாக்கித் தரச்சொல்லிப் போனேன். அதுதான் நான் செய்த தப்பு.

அன்றைக்கு அங்கே பெயர்சூட்டு விழா. பெட்டிக்குள் ஓடும் புரோகிராமில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பேர் உண்டாம். எக்ஸ் ஒன்று, எக்ஸ் இரண்டு என்று யாரோ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். "பேரைப் படிச்சதும் உள்ளே என்ன இருக்குன்னு தெரியணும்" என்று மேனேஜர் உத்தரவு.

"எக்ஸ் ஒன்னுக்குள்ள என்னடா இருக்கு?" என்றான் சிபி.

"ஒரு நிமிஷத்துக்கு எத்தனை விநாடிங்கிற கணக்கு" என்றான் நவநீதன்.

"கதை வேண்டாம். உள்ளே என்ன இருக்கு?"

"அறுபது."

"அப்ப பேர் அறுபது."

எக்ஸ் இரண்டு, கரண்ட் வந்தபின் மோட்டாரைப் போடாமல் பொறுக்கிற நேரம். அதற்குள்ளும் அறுபது. அதற்கும் அதே பேர்.

தரணி தாடையைத் தடவினான். "ஒரே பேர்ல ரெண்டு எதுக்கு? ஒன்னைத் தூக்கிட்டு, ரெண்டு எடத்துலயும் ஒன்னையே வச்சுக்கலாம்."

"ஏந்தம்பி, ஊர்ல ரெண்டு பேருக்கு ஒரே பேர் இருந்தா ஒருத்தனைப் பொதைச்சிருவீங்களா?" என்றேன்.

"உங்களுக்கு இதெல்லாம் புரியாதுங்கண்ணா."

அந்தச் சொல்லை நான் இன்னும் மறக்கவில்லை.

பிறகு என் வேலைக்கு வந்தார்கள். மிச்சமிருந்த ஒரே அறுபதுக்குள் தொண்ணூறைப் போட்டார்கள். பேர் மட்டும் அறுபதாகவே நின்றது. "மேனேஜர் பார்த்துட்டுப் போன பேரு" என்றார்கள்.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். தொண்ணூறு விநாடி பொறுத்து மோட்டார் ஓடியது. நேரம் பார்க்கத்தான் பெட்டி இருக்கிறதே என்று டீ குடிக்கப் போனேன். அரை மணி நேரம் கழித்து வந்தால் மோட்டாரில் புகை. என் கண்ணெதிரே, 'இருபது நிமிஷம் முடிந்தது' என்று காட்டிவிட்டுப் பெட்டி நிதானமாக மோட்டாரை நிறுத்தியது.

கருகிய மோட்டாரையும் பெட்டியையும் கொண்டுபோய் அவர்கள் மேஜைமேலேயே வைத்தேன். மூன்று பேரும் பெட்டியைத் திறந்து வெகுநேரம் யோசித்தார்கள்.

"தொண்ணூறு விநாடியை ஒரு நிமிஷம்னு எண்ணுது."

"ஆனா எண்ணுறதுல ஒன்னுகூடத் தப்பல."

"அப்ப அண்ணனோட கடிகாரந்தான் அவசரப்படுது."

ஒரு வாரம் கழித்து வரச்சொன்னார்கள். போனேன். மோட்டார் தயாராகவில்லை. பதிலுக்கு ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்தார்கள். விநாடி முள் ஒரு சுற்றுக்குத் தொண்ணூறு தடவை துடித்தது. இனி ஒவ்வொரு பெட்டியோடும் இது இலவசமாம்.

நிமிர்ந்து பார்த்தேன். அவர்கள் சுவரிலும் அதே கடிகாரம். மூன்று பேருக்கும் கண் உள்ளே போயிருந்தது, முகத்தில் தாடி.

"என்னப்பா, உடம்புக்கு முடியலையா?"

"அதெல்லாம் இல்லைங்கண்ணா" என்றான் சிபி பெருமையோடு. "அதே எட்டு மணி நேர வேலைதான். ஆனா முன்னைக்கு இப்ப எவ்வளவு முடிக்கிறோம் தெரியுங்களா!"