கதவில்லாக் கோட்டையும் பூநாரையின் காலும்

அந்தக் காலத்தில், அதாவது பறவையும் மிருகமும் நம்மைப் போலவே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலத்தில், தேரிமுனை என்று ஒரு ஊர் இருந்தது. இப்போதும் இருக்கிறது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்களே, இதே ஊர்தான். மூன்று பக்கம் சிவப்பு மணல் தேரி, ஒரு பக்கம் கடல். மணலில் கால் வைத்தால் பொசுக்கும், கடலில் வாய் வைத்தால் உப்பு. எந்தப் பைத்தியக்காரன் இங்கே வந்து ஊரைக் கட்டினான் என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். வெந்நீர் ஊற்றில் காலை விட்டதும் வாயை மூடிக்கொள்வார்கள்.

ஊற்றுதான் ஊருக்கு உயிர். தண்ணீர் கொதிக்கக் கொதிக்க ஊற்றுக்கண்ணிலிருந்து புறப்பட்டு, கீழே தொட்டியில் விழுந்து, ஆறினால் குடிக்கத் தித்திக்கும். மனுசன், மாடு, குருவி எல்லாம் அதைக் குடித்துத்தான் உயிர் வாழ்ந்தன. உள்ளூர் ஆட்கள் மட்டுமா? தேரியைக் கடந்து வருகிற வெளியூர்க்காரர்களும் கால்வலிக்கு அதில்தான் வந்து விழுந்தார்கள்.

அந்த ஊற்றைக் காப்பாற்றத்தான் ஆதிச்சப் பெருமாள் என்கிற தலைவர் இந்தக் கோட்டையைக் கட்டினார். பகைவனுக்குப் பயந்து இல்லை, மணலுக்குப் பயந்து. ஒரு வருசம் மேற்கேயிருந்து மேல்காற்று அடித்த அடியில் ஊற்றுக்கண் மூடிப்போனது. அதைத் தோண்டித் திறப்பதற்குள் மாடுகள் செத்தன, அவருடைய சொந்தத் தம்பியும் நாக்கு வறண்டு செத்தான். அதன் பிறகு அந்த மனுசனுக்கு மணல் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் வெளுத்துவிடும். மூன்று பக்கமும் மதில் எழுப்பினார். மேற்கே தேரியைப் பார்த்து ஒரு வாசல், அதற்குப் பனஞ்சட்டத்தில் இரட்டைக் கதவு. கடல் பக்கம் மட்டும் மதில் இல்லை, அந்தப் பக்கம் மணல் எங்கிருந்து வரும் என்று விட்டுவிட்டார். காற்று கிளம்பினால் கதவைச் சாத்த வேண்டும், அடங்கும்வரை பெற்ற அப்பனே வந்தாலும் திறக்கக் கூடாது. இது சட்டம். வேடிக்கை என்னவென்றால், கதவைச் சாத்தியும் மணல் மதிலேறிக் குதித்து ஊற்றுக்குள்தான் விழுந்தது. வருசா வருசம் ஊரே கூடைபோட்டு அள்ளும். வருசா வருசம் அவர் மதிலை இன்னும் கொஞ்சம் உயர்த்துவார். யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

வாசல் காவலுக்கு இருந்தவன் மாசானம். பனைமரம் மாதிரி உடம்பு, ஆனால் தொட்டதற்கெல்லாம் கண் கலங்குவான். அவன் பெண்டாட்டி இசக்கி பிரசவத்துக்குத் தேரிக்கு அந்தப் பக்கம் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று சேதி வந்ததே தவிர, மாசானம் பிள்ளை முகத்தை இன்னும் பார்க்கவில்லை. பார்க்காமலேயே வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், "எம்மவ மூக்கு என்னைய மாதிரியாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஆடி பிறந்துவிட்டால் பச்சைப்பிள்ளையைப் புகுந்த வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள், இன்னும் ஒரு மாசம் காத்திருக்க வேண்டும். அதனால், "ஆனி முடியறதுக்குள்ள வந்திரு தாயி" என்று ஆள் விட்டுச் சொல்லியிருந்தான். இசக்கியும் ஆனிக் கடைசி நாள் விடிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஒரு கழுதையையும் பிடித்துக்கொண்டு புறப்பட்டுவிட்டாள்.

அன்று காலையில் ஒரு நாரை வாசலில் வந்து இறங்கியது. அப்போதெல்லாம் அந்தச் சாதி நாரைக்குக் கால் குட்டை, அலகு நேர், உடம்பு முழுக்கச் சுண்ணாம்பு வெள்ளை. வடக்கேயிருந்து பறந்து வந்த களைப்பு ஒரு பக்கம், அழகி என்கிற திமிர் ஒரு பக்கம்.

"வழிய விடுமய்யா, கால் வலி உயிர் போகுது" என்றது நாரை.

"இத்தனூண்டு காலுக்கு இம்புட்டு வலியா?" என்றான் மாசானம்.

"இத்தனூண்டா? பால்ல முக்கி எடுத்த மாதிரி இப்படி ஒரு வெள்ளைக்காலை உங்க ஊர்ல யாராவது பாத்திருக்காங்களா?"

"இல்ல தாயி, உள்ள போ. கீழ்த்தொட்டியில மட்டும் நில்லு. கண்ணு பக்கம் போயிராத, தோல் உரிஞ்சிரும்."

நாரை தொட்டியில் போய் நின்று, அடேயப்பா என்று கண்ணை மூடிக்கொண்டது.

உச்சி வெயில் சாய்வதற்குள் மேற்கே வானம் செங்கல் நிறமாகிவிட்டது. அந்த வருசம் காற்று முந்திக்கொண்டது. ஆதிச்சப் பெருமாள் மதில் மேலிருந்து கத்தினார். "ஏலே மாசானம், கதவப் போடு!"

"ஐயா, இசக்கி பிள்ளையோட வந்துக்கிட்டிருக்கா."

"காத்தப் பாத்திருப்பா, திரும்பிப் போயிருப்பா. போடுலே!"

மாசானம் கதவைச் சாத்தினான். திரும்பிப் போயிருப்பாள், திரும்பிப் போயிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். இசக்கி எந்த நாளும் பாதியில் திரும்புகிறவள் இல்லை என்பது அவனுக்குத் தெரியாதா? நேரே நாரையிடம் ஓடினான்.

"தாயி, ஒரு எட்டுப் பறந்து பாத்துட்டு வந்திரு. உன் கால்ல வேணா விழுறேன்."

"இப்பத்தான் காலுக்கு ஒரு சுகம் கண்டுச்சு, அதுக்குள்ள..." என்று முனகிக்கொண்டே நாரை கிளம்பியது. போன வேகத்தில், இறகெல்லாம் கலைந்து, கண்ணில் மண்ணோடு திரும்பி வந்து விழுந்தது.

"இருக்கா! அந்த ஒத்தைப்பனைக்கு இந்தப் பக்கம். புதுமணலு, கால் வச்சா தொடை வரைக்கும் உள்ள போகுது, நகர முடியல. கழுதை வயிறு வரைக்கும் புதைஞ்சு கெடக்கு. அது முதுகுல பிள்ளையப் படுக்கவச்சு, இவ சேலையால மூடிக் குனிஞ்சு நிக்கா. மணல் ஏறிக்கிட்டே இருக்கு."

மாசானம் கதவுக்கு ஓடினான். ஆதிச்சப் பெருமாள் முன்னால் வந்து கையை விரித்து நின்றார்.

"திறந்தா சாத்த முடியாதுலே! வெளிய ஆளுயரத்துக்கு மணல் சாஞ்சு நிக்கி. அம்புட்டும் உள்ள வந்து கண்ணை மூடிரும். ஊரே சாகணுமா?"

"எம்பிள்ளை சாகணுமா, ஐயா?"

அவர் நகரவில்லை. அவர் கண்ணுக்குள் தம்பி செத்துக்கிடந்தது தெரிந்திருக்க வேண்டும். பாவம், அவரையும் குற்றம் சொல்ல முடியாது.

மாசானம் கையெடுத்துக் கும்பிட்டான். கும்பிட்ட கையாலேயே அவரை ஓரமாகத் தூக்கி வைத்தான். பிறகு தாழ்ப்பாளை நீக்கி, தோளைக் கொடுத்து, கதவை அது சுழலும் குடுமியோடு பெயர்த்து எடுத்தான். திறக்கவில்லை ஐயா, பெயர்த்தே எடுத்துவிட்டான்! குவிந்து நின்ற மணல் ஹோவென்று உள்ளே சரிந்தது. தலைவர் உருண்டே போனார்.

"சண்டாளா! என்னலே செய்த?"

"புதுமணல்ல கால் நிக்காது ஐயா, பலகை நிக்கும். ஒண்ணைப் போட்டு ஏறி, அடுத்ததை முன்னால போட்டுப் போகணும்" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது கதவையும் பெயர்த்தான். ஒன்றைக் கயிற்றில் கட்டி இழுத்தான். மற்றதையும் சேர்த்து ஒற்றை ஆளாக இழுக்க முடியவில்லை. கதவோடு சேர்ந்து முழங்கால் குத்தி விழுந்தான். விழுந்த இடத்திலிருந்து எழுந்திருக்காமல் விசும்பி விசும்பி அழுதான்.

தலைவர் வாயிலிருந்த மணலைத் துப்பினார். சரிந்து வருகிற மணலைப் பார்த்தார், ஊற்றைப் பார்த்தார், தரையில் கிடந்து அழுகிறவனைப் பார்த்தார்.

"உன்னை அப்புறம் பாத்துக்கிடுதேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த கதவைப் பிடித்தார். "நட முன்னால!"

இருவரும் வெளியே போனார்கள். உள்ளே ஊர்ச்சனம் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது. தொட்டிவரைக்கும்தான் வர முடிந்தது. ஊற்றுக்கண்ணின் சூட்டுக்குள் இறங்க யாரால் முடியும்? மணல் வழிந்து வழிந்து கண்ணை நெருங்கியது. தண்ணீர் குமிழி விடுவது குறைந்துகொண்டே வந்தது. பெண்கள் வயிற்றில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள்.

நாரை தன் காலைக் குனிந்து பார்த்தது. அவ்வளவு பெருமையாகச் சொன்ன கால். "என் தலையெழுத்து" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, நேரே ஊற்றுக்கண்ணுக்குள் இறங்கியது.

ஐயோ, அது துடித்த துடிப்பு! ஒரு காலை ஊன்றி மணலை மிதித்துக் கலக்கும். சூடு தாங்காமல் அதை வயிற்றோடு மடக்கிக்கொண்டு அடுத்த காலை ஊன்றும். அலகைக் கவிழ்த்து உள்ளே விட்டு மணலை வாரி வெளியே எறியும். மணல் ஏற ஏறத் தண்ணீரும் உயர்ந்தது. மூழ்காமல் இருக்கக் காலை எக்கி எக்கி நின்றது. கலக்கின மணலைக் கொதிதண்ணீர் தொட்டிக்குத் தள்ளியது, ஜனங்கள் அதைக் கூடையில் அள்ளி வீசினார்கள். "விடாத தாயி, விடாத!" என்று ஊரே கத்தியது. "விட்டுட்டா நிக்கேன்? நீங்க அள்ளுங்க!" என்று அது திருப்பிக் கத்தியது.

தேரியில் அந்த இரண்டு பேரும் ஒரு கதவில் நின்று அடுத்த கதவை முன்னால் எறிந்து, அதில் ஏறிப் பின்னால் கிடந்ததை இழுத்து, காற்றில் விழுந்து எழுந்து போய்ச் சேர்ந்தார்கள். முதலில் அவர்களைப் பார்த்தது கழுதை.

"இப்பத்தான் விடிஞ்சுதா உங்களுக்கு? முதுகுல பிள்ளை இருக்கேன்னு இருமக்கூடச் செய்யாம நிக்கேன்!"

இசக்கிக்குத் தலைமுடி, புருவம் எல்லாம் சிவப்பு மண். குனிந்து நின்ற முதுகு நிமிரவே இல்லை. "ஏட்டி இசக்கி" என்று மாசானம் கூப்பிட்டதும், "மொதல்ல பிள்ளையப் பிடிங்க" என்றாள். சேலையை விலக்கினால், பிள்ளை வாயில் விரலைப் போட்டுக்கொண்டு தூங்குகிறது! மாசானம் ஓவென்று அழுதுவிட்டான். தலைவர்தான் பிள்ளையை வாங்கித் துண்டுக்குள் பொதிந்து மார்போடு அணைத்துக்கொண்டார். கழுதையைத் தோண்டி எடுப்பதற்குள் அது அவர்கள் ஏழு தலைமுறையையும் இழுத்துவிட்டது.

பிள்ளையும் தாயுமாக எல்லோரும் வாசலுக்கு வந்தபோதுதான் அந்த அதிசயத்தைப் பார்த்தார்கள். உள்ளே மணல் ஏறவில்லை. முதலில் சரிந்ததோடு சரி. கதவில்லாத வாசலில் நுழைந்த காற்று எங்கேயும் நிற்காமல் ஒரே ஓட்டமாகக் கடல் பக்கம் ஓடியது. கொண்டுவந்த மணலையும் கடலில் கொண்டுபோய்க் கொட்டியது. இத்தனை வருசமும் சாத்தின கதவில் முட்டி, மேலே ஏறி, மதிலுக்குப் பின்னால் ஊற்றில்தான் மணலை இறக்கி வைத்திருக்கிறது. வழியை மறித்ததுதான் தப்பு. தலைவர் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப எந்தம்பி..." என்று ஆரம்பித்தார்.

"அப்ப மதிலே இல்லையே ஐயா. அது விதி" என்றாள் இசக்கி. "எம்பிள்ளையக் கொண்டுவந்தது உங்க மதிலும் இல்ல, விதியும் இல்ல. உங்க கைதான்."

அவர் முகத்தைத் திருப்பித் துண்டால் துடைத்துக்கொண்டார். அன்றிரவு பல வருசத்துக்குப் பிறகு அந்த மனுசன் காற்றுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே குறட்டை விட்டுத் தூங்கினாராம்.

நாரையை அப்புறம்தான் வெளியே தூக்கினார்கள். கால் வெந்து சிவந்து, இழுபட்டு நீளமாகிக் கம்பு மாதிரி இருந்தது. அலகு நடுவில் மடங்கிவிட்டது. ஆவி பட்ட இறகெல்லாம் இளஞ்சிவப்பு. அது தன்னைத் தண்ணீரில் பார்த்து, "போச்சு! எல்லாம் போச்சு! எவன் என்னை ஏறெடுத்துப் பாப்பான்?" என்று ஒரே ஒப்பாரி.

இசக்கி கிட்டே போய் அதன் காலுக்கு நல்லெண்ணெய் தடவினாள். "அடி போடி, பூ மாதிரில்ல இருக்க! எம்மவளுக்கு ஒரு சேலை எடுத்தா இந்த நிறத்துலதான் எடுப்பேன்" என்றாள். நாரை அழுகையை நிறுத்தியது. "நெசமாவா?" என்று கேட்டுக் கழுத்தை ஒரு தடவை வளைத்துப் பார்த்துக்கொண்டது. திமிர் மட்டும் வேகவில்லை.

கதவுகளைத் தேடித் தேரியில் யாரும் போகவில்லை. எங்கே புதைந்ததோ, கிடக்கட்டும் என்று தலைவரே சொல்லிவிட்டார். பூநாரை நீண்ட சிவந்த காலோடு, குளிர்ந்த தண்ணீரில்கூட ஒரு காலை மடக்கிக்கொண்டு நிற்பதும், அலகைக் கவிழ்த்துச் சேற்றை மிதித்துக் கலக்குவதும் அந்த நாளில் பிடித்த பழக்கம்.

இன்னொன்றும் உண்டு. அன்று இசக்கி பிள்ளையோடு வாசற்படி தாண்டியபோது, கூடையும் கையுமாக நின்ற ஊர்ச்சனம் முழுவதும், ஊற்றுக்குள் வெந்துகொண்டிருந்த நாரை உட்பட, ஒரே குரலாகக் கத்திய வார்த்தை ஒன்று. அன்று முதல்தான் தேரியைத் தாண்டி முன்பின் தெரியாத யார் இந்த வாசலுக்கு வந்தாலும், யார், எந்த ஊர், என்ன சோலி என்று நாங்கள் கேட்பதே இல்லை, அன்றைய அதே வார்த்தையில் "அப்பாடா, வந்துட்டீங்களா!" என்று மட்டும்தான் சொல்கிறோம்.