இட்டேரியில் இன்றைய செய்தி

"சாமி, என் சம்சாரத்துக்கு நீங்கதான் புத்தி சொல்லணும்."

மடத்துக் குரு, படித்துக்கொண்டிருந்த நாளிதழைத் தாழ்த்தினார். எதிரே நாச்சிமுத்து நின்றார். பக்கத்தில் அவர் மகள் மயிலாத்தாள்.

"என்னன்னு சொல்லணும்?"

"புள்ளைக்குப் பேப்பர் வாங்கிப் படிச்சுக் காட்டணுமாம். நாட்டுல என்ன நடக்குது, ஊருல என்ன நடக்குதுன்னு தெரியணுமாம். தினமும் இதே சண்டைங்க."

மயிலாத்தாள் பள்ளிக்கூடம் போவதில்லை. பள்ளிக்கூடக் கமிட்டிக்கு நாச்சிமுத்துவின் தம்பி சென்னியப்பன் தலைவரானார். அன்றைக்கே நாச்சிமுத்து மகளை நிறுத்திவிட்டார். வீட்டிலேயே பாடம்.

அவர் செய்ததில் தவறொன்றும் இல்லை.

"செய்தி வேண்டாங்கறீங்களா?" என்றார் குரு. அவர் நாச்சிமுத்துவைவிட இளையவர்.

"எதுக்குங்க சாமி? இன்னிக்கு ஒண்ணு சொல்லுவான், நாளைக்கு மாத்திச் சொல்லுவான். நான் மாறாததை மட்டும்தான் சொல்லிக் குடுக்கறேன். நீங்களே கேட்டுப் பாருங்க."

குரு கேட்டார்.

மயிலாத்தாள் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொன்னாள். இருபத்தேழு நட்சத்திரங்களையும் சொன்னாள். எந்தக் காற்றுக்கு எந்தப் பயிர் என்று சொன்னாள்.

"கெட்டிக்காரி. ஏன் அம்மிணி இப்படி வேர்த்திருக்கே?"

"கரட்டு மலையைச் சுத்தி வந்தமுங்க."

"இட்டேரியில வந்தா இத்தனை தூரம் இல்லையே?"

இட்டேரி என்பது இரண்டு வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித்தடம். நாச்சிமுத்துவின் தோட்டத்தில் தொடங்கி, தம்பி வீட்டு வாசல் வழியாக, மடத்தின் பின்புறம் வந்து முடியும்.

மயிலாத்தாள் நிமிர்ந்து நின்று கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"நான் தொட்டில்ல இருக்கறப்ப, ஐப்பசி மாசம், வெள்ளிக்கிழமை காலையில, சித்தப்பா வேலமுள்ளை வெட்டிப் போட்டு இட்டேரியை அடைச்சார். எப்படிப் போறதுன்னு அப்பா கேட்டதுக்கு, பறந்து போன்னு சொன்னார். பாட்டன் போட்ட தடத்தை அடைச்சவன் நமக்கு உறவில்லை."

ஒரு சொல் பிசகவில்லை. நாச்சிமுத்து மீசையைத் தடவிக்கொண்டார்.

மறக்கக்கூடிய பேச்சா அது? நாலு எழுத்து படித்தவர்கள் மறந்திருப்பார்கள். நாச்சிமுத்து மறக்கவில்லை.

"இன்னிக்கு?" என்றார் குரு.

"இன்னிக்கும் அதேதானுங்க."

"பார்த்தியா?"

மயிலாத்தாள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாக்கறதுக்கு என்னங்க இருக்குது?" என்றார் நாச்சிமுத்து. "அவனை எனக்குத் தெரியாதா?"

குரு நாளிதழை மடித்து வைத்தார்.

"அம்மிணி, இட்டேரி வழியா உங்க சித்தப்பா வீடு வரைக்கும் போ. கண்ணுல படறதையெல்லாம் பார்த்துட்டு வந்து எனக்குச் செய்தி சொல்லு."

"வேண்டாம் சாமி!" நாச்சிமுத்து குறுக்கே வந்தார். "அந்தப் பக்கமெல்லாம் அனுப்பாதீங்க. அவன் என்ன வேணாலும் பண்ணுவான்."

"என்ன பண்ணுவார்?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் அவன் மூஞ்சியைப் பார்த்தே..."

நாச்சிமுத்து நிறுத்திக்கொண்டார்.

மயிலாத்தாள் அதற்குள் போய்விட்டாள்.

நாச்சிமுத்து உட்காரவில்லை. இட்டேரிப் பக்கம் நாலு தரம் போனார். நாலு தரமும் பாதியில் திரும்பினார். குரு விளையாட்டுச் செய்திகளை விரித்து வைத்துக்கொண்டார்.

மயிலாத்தாள் ஓடி வந்தாள். குருவின் முன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"தடம் திறந்திருக்குதுங்க. முள்ளே இல்லை. மாடு போன தடம் இருக்குது, சைக்கிள் போன தடம் இருக்குது. அம்மா செருப்புத் தடம்கூட இருக்குதுங்க."

நாச்சிமுத்து இட்டேரிப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"அப்புறம்?" என்றார் குரு.

"வாசல்ல ஒருத்தர் கட்டில்ல உக்காந்திருந்தார். யாரு புள்ளைன்னு கேட்டார். சொன்னேன். அப்படியே உங்கப்பன் மூக்குன்னார். சித்தப்பாதானுங்க அது." அவள் மூச்சு வாங்கினாள். "அவருக்கு ஒரு கால் இல்லைங்க."

நாச்சிமுத்து மகள் எதிரே வந்து நின்றார்.

"என்னது?"

"முழங்காலுக்குக் கீழே இல்லைங்கப்பா. சக்கரை வியாதியாம், புண்ணு ஆறலையாம். உங்கம்மா ஒண்ணும் சொல்லலியான்னு கேட்டார். எங்க வீட்டுல செய்தி பேசக்கூடாதுங்கன்னு சொன்னேன்."



"எப்ப எடுத்தாங்களாம்?" என்றார் நாச்சிமுத்து.

"தெரியலைங்கப்பா."

"எந்த ஆசுபத்திரி?"

"கேக்கலைங்க."

"பசங்க பக்கத்துல இருக்காங்களா? யாரு சோறாக்கிப் போடறாங்க? ராத்திரி எழுந்திருச்சா யாரு புடிச்சுக்கறாங்க?"

"அதுவும் கேக்கலைங்கப்பா."

"இன்னொரு கால்? அது நல்லா இருக்குதா?"

மயிலாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அட கூறுகெட்டவளே!" நாச்சிமுத்துவின் குரல் மடம் முழுக்கக் கேட்டது. "இத்தனை தூரம் போயிருக்கே. இதையெல்லாம் கேக்காம என்னத்தைப் பார்த்துட்டு வந்தே?"

மயிலாத்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீங்க அதெல்லாம் கேக்கச் சொல்லிக் குடுக்கலையேப்பா."