மௌன விரதம் இருந்த பாகவதர் தவளை

நாவல் காட்டுக்கு நடுவே ஒரு குளம். அந்தக் குளத்துக்கு ஒரு பாகவதர். பெயர் கனகண்டர். தவளைதான், ஆனால் அவர் முன்னால் அப்படிச் சொல்லிவிடக் கூடாது. ‘சங்கீத சாகரம்’ என்று சொல்ல வேண்டும்.

ஆண்டுதோறும் மேகம் கூடும்போது குளக்கரையில் கச்சேரி நடக்கும். கனகண்டர் முதல் குரல் எடுத்தால்தான் மழை இறங்கும் என்பது ஐதீகம். அந்த ஐதீகத்தைக் கிளப்பிவிட்டவரும் கனகண்டர்தான்.

இந்த ஆண்டு மேகம் கூடுவதற்கு முன்பே பாகவதரின் குரல் கம்மிவிட்டது. கம்மாமல் என்ன செய்யும்? கோடை முழுக்க ஓயாத பாட்டுச் சாதகம். சாதகம் இல்லாத நேரத்தில், பின்பாட்டு பாடும் சொறித்தவளை முத்தனைத் திட்டுவதற்காகக் கத்தல். நடுநடுவே கனைப்பு.

“விடாம பாடுங்க, அண்ணா! பாடப் பாடத்தான் தொண்டை தொறக்கும்!” என்றது சபா காரியதரிசி காக்கை. யோசனை சொல்வது எந்தக் குரல் என்று யாரும் கவனிக்கவில்லை. மிளகு வந்தது, தேன் வந்தது, சித்தரத்தை வந்தது. பாகவதர் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு மேலும் பாடினார். கடைசியில் ‘ஸா’ என்று தொடங்கினால் ஓட்டைத் துருத்தியின் சத்தம்தான் வந்தது.

அப்போதுதான் அவருக்குப் பயம் பிடித்தது. மழைக் கச்சேரியில் பாடாவிட்டால் இந்தக் குளத்தில் அவரை யார் மதிப்பார்கள்? அக்கரைக்கு ஓடினார். அங்கே இருந்தவர் தொண்டை வைத்தியர் ஆமையார். பாடுகிற பறவைகளுக்கும் கூத்துக் கட்டுகிற குரங்குகளுக்கும் அவர்தான் வைத்தியம் பார்ப்பார். வேறு எந்த நோயையும் தொடமாட்டார்.

“வாயைத் தொறங்க.”

ஒரு மீன் செதிலை வெயிலுக்குத் திருப்பி, அந்த வெளிச்சத்தில் தொண்டைக்குள் பார்த்தார் ஆமையார்.

“உள்ளே ரெண்டு மடிப்பு இருக்கு. அதுங்க அதிர்ந்தாத்தான் குரல் வரும். உங்களுக்கு உரசி உரசி ரெண்டும் வீங்கிப் போச்சு. மழைக் கச்சேரி வரைக்கும் பாடக் கூடாது, பேசக் கூடாது, கனைக்கக் கூடாது. நல்லா தண்ணி குடிங்க.”

“குளத்துல இருக்கிறவன்கிட்டயா தண்ணி குடிக்கச் சொல்றீங்க? மருந்து எங்கே?”

“பேசாம இருக்கிறதுதான் மருந்து.”

“இதுக்கா இவ்வளவு தூரம் தாவி வந்தேன்!”

“இன்னொண்ணும் இருக்கு. ரொம்ப முக்கியம்...”

அதற்குள் பாகவதர் தாவிவிட்டார். கடைசி வரை உட்கார்ந்து கேட்பது ரசிகர்களின் வேலை. வித்துவான்களின் வேலை அல்லவே!

ஆனாலும் பயம் இருந்தது. அன்றே விரதம் தொடங்கியது. தாமரை இலையில் கண்ணை மூடி அமர்ந்தார். நத்தை வந்தது. பாகவதர் அதைப் பக்கத்தில் இழுத்துக் கிசுகிசுத்தார்: “நான் இப்போ பேசறதில்லே! மௌன விரதம்! வைத்தியர் உத்தரவு!”

நண்டு வந்தது. அதனிடமும் கிசுகிசுப்பு. “ஒரு வார்த்தை பேசறதில்லே, தெரியுமா? எவ்வளவு கஷ்டம்னு கேளேன்!” மௌனத்தின் மகிமையை விளக்க அவருக்குப் பகல் போதவில்லை. முத்தனைத் திட்டுவதும் நிற்கவில்லை. “வாயைத்தான்டா மூடியிருக்கேன், காதை இல்லே! சுருதி சேரலே!” என்று கிசுகிசுப்பாகவே திட்டினார்.

காக்கை மரத்துக்கு மரம் பறந்து செய்தி பரப்பியது. “எங்க அண்ணா பேசறதே இல்லே! நேத்து பூரா எங்கிட்ட அதைத்தான் சொல்லிட்டிருந்தார்!”

மேகம் கூடியது. காடே குளக்கரைக்கு வந்தது. பாகவதர் கன்னத்தை உப்பி வாயைத் திறந்தார். காற்று வந்தது. மறுபடி திறந்தார். அதுவும் வரவில்லை.

“ஆஹா! என்ன நுட்பம்!” என்றது காக்கை. கூட்டம் முழுவதும் திரும்பி அதைப் பார்த்தது. காக்கை மெல்ல நகர்ந்து வேறு கிளையில் போய் உட்கார்ந்தது.

முன்வரிசையில் இருந்த ஆமையார் கழுத்தை நீட்டினார். “பேசினீங்களா?”

பாகவதர் வேகமாகத் தலையை ஆட்டி மறுத்தார். நண்டு அவருக்குச் சாட்சிக்கு வந்தது. “சத்தியமா பேசலே, வைத்தியரே! நாள் பூரா கிசுகிசுன்னுதான் சொல்லிட்டிருந்தார்!”

“அதைத்தானே அன்னிக்குச் சொல்ல வந்தேன்! கிசுகிசுத்தா தொண்டை இன்னும் இறுகும். வீங்கின தொண்டைக்கு அது பேச்சை விடக் கெடுதல். நீங்கதான் நிக்காம தாவிட்டீங்களே!”

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நம் பாகவதரோ மௌனத்தையே தன் வாயால் கெடுத்துக்கொண்டார்.

பின்னால் நின்ற முத்தன் பாகவதரைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். வேறு வழியில்லாமல், தனக்குத் தெரிந்த ஒரே குரலில், ‘கொர்ர்’ என்று கத்திவைத்தான். சுருதி சேரவே இல்லை. மழை கொட்டித் தீர்த்தது.

எல்லோரும் ஆடினார்கள். பாகவதர் மட்டும் நனைந்தபடி வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை ஆண்டுகளும் மழை தனக்காகக் காத்திருக்கவில்லை என்பது அவருக்கு இப்போதுதான் புரிந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் வந்த நத்தையிடம்கூட அதை அவர் சொல்லவில்லை. அன்றுதான் அவருடைய மௌன விரதம் உண்மையிலேயே தொடங்கியது.

வைத்தியர் சொன்னதைப் பாதி கேட்டு, அந்தப் பாதியையும் ஊரெல்லாம் பெருமை பேசியே தொலைப்பவனுக்கு எந்த மருந்தும் உதவாது.