கட்டாரியின் குளவிப் படை

தாமரைக்குளத்துக் காட்டில் ஒரு காட்டுப்பன்றிக் கூட்டம் இருந்தது. அதற்குத் தலைவன் கட்டாரி. குட்டிகளை ஓநாய் தூக்கிப் போகாதபடி பன்றிகள் முறைவைத்துக் காவல் நின்றன. கட்டாரிக்குக் காவல் என்றாலே வேப்பங்காய்! தலைவனான பிறகும் தூக்கம் கெடுவதென்றால் அந்தப் பதவி எதற்கு?

அவன் கொட்டாவியைப் பார்த்து நரி வந்து சேர்ந்தது.

"தலைவரே, கதண்டுக் குளவிப் படை ஒண்ணு பழக்கி வச்சிருக்கேன். நீங்க உத்தரவே போட வேண்டாம். எதிரியை அதுவே கண்டுபிடிக்கும், அதுவே கொட்டும்! குளத்து நண்டை மட்டும் எனக்கு விட்டுடுங்க."

"எதிரி யாருன்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் கட்டாரியின் மனைவி பூவரசி.

"கறுப்பா இருந்தா நம்மாளு, பழுப்பா இருந்தா ஓநாய்! போதாதா தாயி?"

"தப்பாப் போனா நிறுத்த முடியுமா?"

"அதுதானே இதோட பெருமை! யார் கெஞ்சினாலும் கேக்காது!"

மறுநாள் காலை சோதனை நடந்தது. ஒரு மரக்கட்டையில் ஓநாய் முடியை ஒட்டி நரி நிறுத்தியது. கதண்டுகள் பாய்ந்து கொட்டித் தீர்த்தன. கட்டை பாவம், ஓடவுமில்லை, ஒளியவுமில்லை. "ஆகா!" என்று பன்றிகள் கூத்தாடின. கட்டாரி அப்போதே காவலைக் கலைத்தான்.

"கட்டையைக் கொட்டினதுக்கா இந்தக் கூத்து?" என்று முணுமுணுத்த பூவரசி மட்டும் குட்டிகளை விட்டு நகரவில்லை.

உச்சிவெயில் ஏறியது. மற்ற பன்றிகள் வழக்கம்போல் செம்மண் சேற்றில் புரண்டன. எழுந்தபோது ஒன்றுகூடக் கறுப்பாக இல்லை!

"ஓநாய்க் கூட்டம்! கொட்டுங்க!" என்று இரைந்தது படை.

கட்டாரிக்கு மூக்கில் ஒன்று, காதில் ஒன்று, சொல்லக் கூச்சமான இடத்தில் ஒன்று!

"டேய், நான் தலைவன்டா! நிறுத்துங்கடா!"

"எதிரி கெஞ்சுறான், விடாதே!"

பன்றிகள் குளத்தில் குதித்தன. நண்டு பிடித்துக்கொண்டிருந்த நரியும் பழுப்புதானே? அது வாங்கிய கொட்டில் காட்டை விட்டே ஓடியது.

நரி சொன்ன நிற அடையாளம் முதல் இத்தனையையும் புதர் மறைவில் கேட்டிருந்த ஓநாய், உடம்பெல்லாம் கரியைப் பூசிக்கொண்டு குட்டிகளை நோக்கி நடந்தது.

"வாங்க, வாங்க!" என்று கதண்டுகள் வழிவிட்டன.

தண்ணீருக்குள்ளிருந்து கட்டாரி பார்த்தான். அங்கிருந்தே அலறினான்: "பூவரசி! நம்ம குட்டிங்க!"

பூவரசி நிறத்தைப் பார்க்கவில்லை. மோந்தாள். "கரி பூசினா நீ பன்றியாயிடுவியா?" என்று விலாவில் விட்டாள் ஒரு முட்டு! ஓநாய் நொண்டிக்கொண்டே ஓடியது.

சேறு கரைந்து கட்டாரி கரையேறினான்.

"அடடா, தலைவரா! எப்ப வந்தீங்க?" என்றன கதண்டுகள். வீங்கிய மூக்கைத் தடவிக்கொண்டே கட்டாரி குட்டிகளிடம் ஓடினான். அன்றிலிருந்து காவலுக்கு முதல் ஆளாக நின்றான். கதண்டுகள் கூட்டைக் காலி செய்யும்வரை ஒரு பன்றியும் சேற்றுப் பக்கம் தலைவைக்கவில்லை.

நம்மவர் யார், எதிரி யார் என்று அறியாத ஆயுதத்திடம் காவலை ஒப்படைத்துவிட்டுத் தூங்கப் போகிறவன், முதல் அடியைத் தானே வாங்குவான்.